தொலைந்த கருவிகளும் பூஜ்ய நினைவகமும்

நிறுவனம் நிர்வகிக்கும் மடிக்கணினி போன்ற கருவிகளின் விவரங்களை, ஒரு நிரல் இணையம் வழியே இன்னொரு சேவையிடம் தரவு கேட்க உதவும் வலை ஏபிஐ (API) வழியாக எளிதில் பெறலாம் என்று ஆவணத்தில் எழுதி வைத்தவர்கள், ஒரு நாளாவது அப்படிப் பெற்றுப் பார்த்திருப்பார்களா? நாங்கள் பயன்படுத்தும் கருவி நிர்வாகச் சேவையில் கருவிப் பட்டியலைக் கேட்டால், நினைவகத்தின் அளவு என்ற இடத்தில் எல்லா மடிக்கணினிகளுக்கும் 0 என்றே வருகிறது. நினைவகமே இல்லாமல் எந்தக் கணினி ஓடும்? உண்மையான அளவு வேண்டுமானால், ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணையும் தனித்தனியாகக் கொடுத்து, நினைவக அளவு என்ற அந்தத் தகவல் புலத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு ஆவணத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. சரியென்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினால், சற்று நேரத்திலேயே 429 என்ற பிழைக் குறியீட்டை வீசி, அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று கதவைச் சாத்திவிடுகிறது. மொத்தமாகவும் தரமாட்டேன், தனித்தனியாகவும் கேட்காதே என்றால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பட்டியலும் பக்கம் பக்கமாகத்தான் வரும். அடுத்த பக்கத்துக்கான இணைப்பைப் பின்தொடரத் தவறினால், மிச்சக் கருவிகள் விடுபட்டதற்கு ஒரு பிழைச் செய்திகூட வராது.

தேதிகளோ இன்னும் மோசம். பதிவாகாத தேதியை 0001-01-01 என்று அனுப்புகிறார்கள். அதை வடிகட்டாத அறிக்கையில், அந்தக் கருவி 2,000 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்பிலேயே இல்லை என்று வந்து நிற்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு தரவு வந்து சேரும் ஜேசன் (JSON) வடிவத்திலேயே வெற்று மதிப்பு (null) இருக்கும்போது, அதை அனுப்புவதில் இவர்களுக்கு அப்படி என்னதான் கஷ்டம்?