காதில் விழாத அடிக்குறிப்புகள்

துணி மடித்துக்கொண்டே, தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா தன் வாழ்க்கையை எழுதி, தானே வாசித்த 'பார்ன் எ க்ரைம்' ஒலிநூலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் தனியாக நடந்துபோகிறார். பின்னால், அந்நாட்டு மொழிகளில் ஒன்றான ஜுலு பேசும் சில இளைஞர்கள் வருகிறார்கள். இவரை மடக்கிப் பறிப்பது பற்றித் தங்களுக்குள் ஜுலுவிலேயே பேசிக்கொள்கிறார்கள். இவர் தோல் நிறத்தைப் பார்த்து, தங்கள் பேச்சு இவருக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்கள். இவர் சட்டென்று திரும்பி, அதே ஜுலுவில், நாம் எல்லோரும் சேர்ந்தே யாரையாவது மடக்கலாமே என்கிறார். அவ்வளவுதான், எதிரி நம்மாள் ஆகிவிடுகிறான்.

அச்சில் அந்த வரியைக் கண் தாண்டிப் போய்விடும். தெரியாத மொழி, அடுத்த வரியில் அர்த்தம் வந்துவிடும். காதால் அப்படித் தாண்ட முடியாது. அந்த மொழி அவர் வாயில் எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதைக் கேட்டால்தான், அந்தப் பையன்கள் ஏன் இறங்கிப்போனார்கள் என்று புரிகிறது. கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பின்னால் போய் மறுபடி கேட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் 1927-இல் வந்த சட்டம் ஒன்று வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1984-இல், கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தந்தைக்கும் இவர் பிறந்தபோதும் அப்படியொரு தடை நடைமுறையில் இருந்தது. பிறப்பே குற்றம் என்கிற அந்தத் தலைப்பில் மிகை எதுவும் இல்லை. 'நீ யார்' என்று ஒவ்வொரு தெருவிலும் கேட்கப்பட்ட ஒருவர், ஒவ்வொரு முறையும் ஒரு மொழியை எடுத்து பதில் சொன்ன கதை அது. அடையாளம் பற்றிய புத்தகங்களை எழுதியவர் குரலிலேயே கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அங்கே குரலே சாட்சி.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ், அங்கே கறுப்பராக வாழ்வது பற்றித் தன் பதின்வயது மகனுக்கு எழுதிய கடிதமான 'பிட்வீன் தி வேர்ல்ட் அண்ட் மீ'யும் அப்படித்தான். அவரே வாசிக்கிறார், மொத்தம் சுமார் மூன்றரை மணி நேரம். படிக்கும்போது அடுத்தவர் கடிதத்தைப் பிரித்த மாதிரி இருந்தது. கேட்கும்போது அந்த மகன் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தயவுசெய்து இதையெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். ஒரு அப்பா தயங்கித் தயங்கிச் சொல்வதில் அந்தத் தயக்கத்தைக் கத்தரித்துவிட்டு என்ன கேட்கப் போகிறோம்?

வரலாறு வேறு. அதற்குக் காது போதுமா என்பது எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தங்கள், படை நகர்வுகள், ஒரே பெயரில் நான்கு மன்னர்கள் என்றால் அரை மணி நேரத்தில் தலை சுற்றிவிடும். வரைபடம் தனிக் கோப்பாகக் கிடைக்கும் என்பார்கள். நடந்துகொண்டே கேட்பவர் அதை எங்கே திறப்பது?

ஆனால் அமெரிக்கப் பத்திரிகையாளர் இசபெல் வில்கர்சனின் 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்' இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியும் ஒரு இடத்தில்கூட எனக்கு வழி தவறவில்லை. அமெரிக்கத் தெற்கிலிருந்து 1915-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் புறப்பட்டுப் போன வரலாறு அது. அவர் அதை மூன்று பேர் மேல் ஏற்றிச் சொல்கிறார். மிசிசிப்பியிலிருந்து 1937-இல் கிளம்பி சிகாகோ போய்ச் சேர்ந்த ஒரு பெண், புளோரிடாவிலிருந்து 1945-இல் நியூயார்க் போன ஒருவர், லூசியானாவிலிருந்து 1953-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போன ஒரு மருத்துவர். மூன்று பேர், மூன்று திசை. காது அதைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே வாசிப்பவர் ஆசிரியர் இல்லை, ராபின் மைல்ஸ் என்ற கைதேர்ந்த குரல் கலைஞர். அது குறையாகவே தெரியவில்லை. 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசிச் சேர்த்த நூல் அது. உட்கார்ந்து காதுகொடுத்துச் சேகரித்தது, காதுக்கே திரும்பி வருகிறது.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். அச்சில் இப்படிப்பட்ட புத்தகத்தின் கடைசியில் பக்கம் பக்கமாகச் சான்றுக் குறிப்புகள் இருக்கும். எந்தச் செய்தி எந்த ஆவணத்திலிருந்து வந்தது, எது பேட்டியில் சொன்னது என்றெல்லாம் இருக்கும். ஒலிநூல்களில் பெரும்பாலும் அதை வாசிப்பதில்லை. கேட்பவருக்கு மிஞ்சுவது குரலின் உறுதி மட்டும்தான்.

நல்ல வரலாற்றாசிரியர் விஷயத்தில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. சுயமுன்னேற்ற நூலில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒன்றைக் கேட்டேன். எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று, ஒரு மருத்துவர் சொல்வதுபோல அவ்வளவு நிதானமாகச் சொன்னார்கள். விடிகாலையில் எழுந்து எழுதுவது என்று ஆரம்பித்தேன். 21 நாள் ஒழுங்காகச் செய்தேன். 22-ஆம் நாளும் முதல் நாள் மாதிரியே கஷ்டமாக இருந்தது. கோளாறு என்னிடம்தான் என்று முடிவு கட்டி விட்டுவிட்டேன். அந்த முடிவு வெகுநாள் உறுத்தியது.

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய ஒரு நூலிலிருந்து பரவியது அந்த 21. அறுவைசிகிச்சை முடிந்தவர்களுக்குப் புது முகம் பழக, குறைந்தது 21 நாளாவது ஆவதாக அவர் கவனித்திருக்கிறார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்துப் பார்த்தபோது, ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடுவாக 66 நாள் என்று வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு போனது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் உண்டு. எனக்கு அன்று தேவைப்பட்ட வரி அதுதான். அச்சுப் புத்தகமாக இருந்திருந்தால், 21 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை என்பதாவது கண்ணில் பட்டிருக்கும்.

அதனால் இப்போது சுயமுன்னேற்ற நூல்களை ஒரே மூச்சில் கேட்பதில்லை. 'ஆய்வுகள் சொல்கின்றன' என்று குரல் சொல்லும்போது நிறுத்திவிட்டு, யார் செய்தது, எத்தனை பேரிடம் என்று தேடுகிறேன். மெதுவாகத்தான் போகிறது. பரவாயில்லை.

கேட்பதெல்லாம் படிப்பாகுமா என்று சிலர் கேட்பார்கள். பேசும் புத்தகங்கள் 1930-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளில் வந்ததே பார்வையற்றவர்களுக்காகத்தான். அவர்களிடம் போய் அது படிப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்னால் சந்தேகம் வந்தால் அச்சுப் பிரதியைப் புரட்டிப் பார்க்க முடிகிறது. காதால் மட்டும் படிப்பவர்களுக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. ஒலிநூல் வெளியிடுகிறவர்கள் சான்றுக் குறிப்புகளையும் ஒரு தனி அத்தியாயமாகக் கடைசியில் வாசித்துச் சேர்க்க வேண்டும். நாலு மணி நேரம் கூடினால் கூடட்டும். வேண்டாதவர்கள் தாண்டிப் போவார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு அது அங்கே இருக்க வேண்டும்.