ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் ஏன் சுற்றுகிறது?

சேலத்துத் தெருக்களில் கோஆக்ஸ் (பழைய கேபிள் டிவி) ஒயர் இறங்கி, வெளிச்சத்தில் டேட்டா கடத்தும் ஃபைபர் ஏறிக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். பழைய லைனில் தெருவுக்கொரு ஆம்ப்ளிஃபையர், அந்தத் தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போகும். ஃபைபருக்கு வழியில் கரண்டே வேண்டாம்.

ஆனாலும் '100 எம்பி' லைனில் ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் வீடியோ சுற்றுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ஆபரேட்டரின் கன்ட்ரோல் ரூமில். விலை குறைவு என்று சின்ன ஆபரேட்டர்கள் பலர் இபான் (EPON) வகை ஃபைபர் கருவி வாங்குகிறார்கள். ஒரு போர்ட்டுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி (1000 எம்பி), அதில் 64 வீடு வரை. இன்னொரு வகையான ஜிபான் (GPON) என்றால் போர்ட்டுக்கு இறங்குவது 2.5 ஜிபி. எட்டு போர்ட் உள்ள ஓஎல்டியை (வீடுகளுக்கு ஃபைபர் கிளம்பும் கன்ட்ரோல் ரூம் பெட்டி) நிரப்பினால் 512 வீடு. மேலே பெரிய கம்பெனியிடமிருந்து ஆபரேட்டர் வாங்கும் லைன் 1 ஜிபிதான் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது ஆளுக்கு 2 எம்பி. (2023-ல் பிராட்பேண்ட் என்று சொல்ல அரசு வைத்த குறைந்தபட்சமும் அதே 2 எம்பி!) எல்லோரும் ஒன்றாகப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் ஓடும் கணக்கு, ஐபிஎல் வந்தால் கவிழ்ந்துவிடும்.

நாள் முழுக்க அறுந்து அறுந்து வந்தால் கதை வேறு. வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். ஓஎல்டியில் +3 டிபிஎம் (வெளிச்ச பலத்தின் அளவு) புறப்பட்டால், ஒரு ஃபைபரை எட்டாகப் பிரிக்கும் 1-க்கு 8 ஸ்பிளிட்டர் ஒன்று பத்தரை டிபி (இழப்பின் அளவு) தின்னும், இரண்டு அடுக்குக்கு 21. மூன்று கிலோமீட்டர் ஃபைபருக்கு 1, ஜாயின்ட், கனெக்டருக்கு 2. ஆக மொத்தம் 24 போய், வீட்டில் −21 காட்டினால் நிம்மதி. −27-ஐ நெருங்கினால் மோடம் தத்தளிக்கும். காரணம் பெரும்பாலும் அற்பமானது: பச்சை கனெக்டரை நீலத்தில் சொருகியது, முனையைத் துடைக்காதது, ஜன்னல் மூலையில் ஒயரை மடக்கி ஆணியடித்தது. சாதாரண ஃபைபரை 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் வெளிச்சம் வெளியே கசியும்.

ஏற்காட்டுக்கு இது போதாது. இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதையில் கம்பம் கம்பமாகத் தொங்கும் கேபிள் மேல் சில்வர் ஓக் கிளை விழுந்தால் ஒட்டிவிடலாம், ஒட்டுக்கு 0.1 டிபிதான் நஷ்டம். மண் சரிந்து பாதையே போனால்? ஆள் போய் ஒட்டும்வரை மேலே நெட் கிடையாது. குப்பனூர் ரோடு வழியாக இன்னொரு கேபிள் ஏற்றி, இரண்டையும் இணைத்து ரிங் (வளையம்) ஆக்கினால், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். அதைச் செய்யாமல் மலையில் 300 எம்பி பிளான் விற்பது எனக்கு உறுத்துகிறது. மாதம் 50 ரூபாய் கூட்டி வாங்குங்கள் சாமி, முதலில் அந்த இரண்டாவது கேபிளை ஏற்றுங்கள்.