கல்லறைக் கல்லைத் தேய்க்கும் முன்

பழைய கல்லறைத் தோட்டங்களைச் சுத்தம் செய்ய இளைஞர் குழுக்கள் கிளம்புவது நல்ல காரியம். ஆனால் கையில் கம்பி பிரஷும் ஆசிட் பாட்டிலும் இருந்தால், தயவுசெய்து போகாதீர்கள். முந்நூறு வருட மழையும் உப்புக்காற்றும் விட்டுவைத்த எழுத்தை ஒரே காலையில் அழித்துவிட முடியும்.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது. 1690-இல் அந்தத் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது. 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அடுத்த வருடம் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காலம் எழுத்தாக நிற்பது பெரும்பாலும் கல்லறைகளில்தான். வருகிறவர்கள் கல்லறைத் தோட்ட வாசலிலுள்ள இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விஷயம் உள்ளே தரையில் படுத்திருக்கும் பலகைக் கற்களில் இருக்கிறது.

அந்தக் கற்களைக் குனிந்து பார்த்தால் ஒன்று புரியும். சுற்றிலும் கல்லைக் குடைந்தெடுத்து, எழுத்தை மேடாக நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் கற்களில் பெரும்பாலும் எழுத்து பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். பள்ள எழுத்தில் மண் அடைந்தாலும் வடிவம் உள்ளே பத்திரமாக இருக்கும். மேட்டெழுத்தில் தேய்மானம் முதலில் விழுவது எழுத்தின் விளிம்பில்தான். அதன் மேல் நடப்பதும் உட்காருவதும் கூடாது என்பதற்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல.

அதனால் முதலில் ஆவணப்படுத்த வேண்டும், கழுவுவதெல்லாம் அப்புறம். உச்சி வெயிலில் எடுத்த படம் உதவாது. நிழல் இல்லாததால் எழுத்து தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். இல்லையென்றால் கல்லுக்கு நிழல் கொடுத்துவிட்டு, டார்ச்சைக் கல்லின் பரப்பையொட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். எழுத்தைத் தெளிவாக்க சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். கல்லின் நுண்துளைகளில் போய்த் தங்கினால் வெளியே எடுக்க முடியாது.

எழுதும்போது வரிக்கு வரி, உள்ளபடியே. சிதைந்த இடத்தில் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். ஆங்கிலேயர் கல்லென்றால் இன்னொரு கவனம் தேவை: 1752-க்கு முன் அவர்களுடைய சட்டப்படியான வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஜனவரியில் இறந்தவருக்கு 1720/21 என்பதுபோல் இரட்டை வருடம் பொறித்திருந்தால் அது கல்தச்சரின் பிழையில்லை.

படித்ததைச் சரிபார்க்க வழி இருக்கிறது. தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ 1897-இல் சென்னை மாகாணத்து டச்சுச் சின்னங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைப் பட்டியலிட்டார். இன்று மழுங்கிப்போன வரி அன்று முழுதாக இருந்திருக்கலாம்.

பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள டச்சுக் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே நாம் துடைப்பம்கூட எடுக்கக்கூடாது. சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமும் கூடாது. என் கவலையெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராத சிற்றூர்த் தோட்டங்களைப் பற்றித்தான். அங்கே பொறுப்பாளரின் அனுமதி வாங்கிக்கொண்டு, உப்பில்லாத வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் மட்டும் பயன்படுத்துங்கள். கீழிருந்து மேலாகக் கழுவினால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு விழாது. தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் கல்லை, செதில் உதிரும் கல்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.

செங்கல் கல்லறையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் வேரோடு செங்கலும் வரும். அடியோடு வெட்டி, வேரைக் கட்டடம் தெரிந்தவர் கையில் விடுங்கள். மிகப் பெரிய கேடு சிமென்ட் பூச்சு. பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. அடைபட்ட ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், உப்பு உள்ளேயே படிகமாகி செங்கலை மாவாக்கும். பூச்சு பளிச்சென்று நிற்க, உள்ளே கல்லறை உதிர்ந்துகொண்டிருக்கும். பழுது பார்த்தே ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பும் மணலும் மட்டும், அதுவும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து.

எடுத்த படங்களும் வாசகங்களும் ஒருவர் போனிலேயே கிடக்கக்கூடாது. கல்லறைக்கு ஒரு எண் கொடுத்து, கைவரைபடத்தில் அதே எண்ணைக் குறித்து, ஒரு பிரதியைத் தேவாலயத்துக்கும் இன்னொன்றை மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். வரைபடத்தில் வடக்குத் திசையையும் தேதியையும் போட மறக்காதீர்கள்.