62 காசு கணிப்பு அல்ல, வட்டி

டாலர் பியூச்சர்ஸ் (பின்னொரு தேதியில் டாலரை வாங்க, விற்க இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம்) விலை, ஸ்பாட் விலையைவிட, அதாவது இன்றைய உடனடி விலையைவிட, அதிகமாக இருந்தால், ரூபாய் சரியும் என்று சந்தை கணிப்பதாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் அப்படியே மனதில் பதித்துக்கொள்வார்கள் என்பதால் சொல்கிறேன், அது சரியல்ல. அந்த வித்தியாசம் பெரும்பாலும் இரு நாட்டு வட்டி வித்தியாசம்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கோவையில் பி.காம் படிக்கும் அக்கா மகளுக்குப் பழைய டெலிவரி சலான் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். டாலர் 84 ரூபாய், இங்கே வட்டி 7%, அமெரிக்காவில் 4% என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 1.75%, 1%. 84-ஐ 1.0175-ஆல் பெருக்கி 1.01-ஆல் வகுத்தால் 84.62. இதுதான் மூன்று மாத பியூச்சர்ஸ் விலை.

"அப்போ அந்த 62 காசு கணிப்பு இல்லீங்களா மாமா?"

"இல்லை கண்ணு, வட்டி."

சரி, பியூச்சர்ஸ் 85-க்குப் போனால்? ரூபாயில் கடன் வாங்கி, டாலராக மாற்றி அங்கே வட்டிக்குப் போட்டு, இங்கே பியூச்சர்ஸை விற்க ஆள் வந்துவிடும். அந்த விற்பனையே விலையை இறக்கிவிடும். ஒப்பந்தம் முடியும் தேதி நெருங்க நெருங்க பியூச்சர்ஸ், ஸ்பாட் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும். அப்புறம், எங்களைப் போன்ற ஏற்றுமதியாளர்கள் டாலரை விற்பவர்கள். அந்த 62 காசு எங்களுக்கு வரவு, இறக்குமதி செய்பவருக்குச் செலவு. இதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.