பிரவுன்ஸ்டோன் ஸ்டூடியோ: சட்டம் காப்பது வீட்டின் முகப்பைத்தான்

நியூயார்க்குக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் எனக்கு அனுப்பும் வாடகை விளம்பரங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். புரூக்ளினில் மரம் அடர்ந்த ஒரு தெரு, 1880களில் கட்டிய, பழுப்பு மணற்கல் முகப்புள்ள பிரவுன்ஸ்டோன் வீடு, அதற்குள் புதிதாகச் சீரமைத்த ஸ்டூடியோ, அதாவது ஒற்றை அறை வீடு. படத்தில் வெள்ளைச் சமையல் மேடை, பளபளக்கும் அடுப்பு, பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டும் ஒரு சுவர். "எடுக்கலாமா அண்ணா?" என்று கேட்பார்கள். புரூக்ளினின் பெட்-ஸ்டை (பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட்) பகுதியில் அப்படி ஒரு ஸ்டூடியோவில்தான் நானும் இருக்கிறேன். வேறு வழி இருந்தால் எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

அழகில் குறை சொல்ல மாட்டேன். உயரமான வாசல் படிக்கட்டு, அதில் மாலையில் உட்கார்ந்து பேசும் அக்கம்பக்கத்தார், செதுக்கு வேலை செய்த கதவு. இந்த ஊரில் திண்ணைக்கு ஈடாக ஏதாவது உண்டென்றால் அந்தப் படிக்கட்டுதான். ஆனால் இந்த வீடுகள் ஒரு குடும்பமும் அதன் வேலைக்காரர்களும் வாழக் கட்டியவை. பிறகு, குறிப்பாக 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், பல வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். இன்றைய ஸ்டூடியோ அந்த வேலையின் தொடர்ச்சிதான். என் அறை ஒரு காலத்தில் முன்கூடம். கூரையின் நடுவில் சுண்ணச் சாந்தில் செய்த பெரிய வட்டப் பூவேலைப்பாடு உண்டு. அதில் பாதி என் கட்டிலுக்கு மேலே, மீதி குளியலறைக்குள். நடுவில் புதுச் சுவர். பின்கூடத்துக்குப் போகும் பழைய இழுப்புக் கதவுகளை மூடி மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் குடியிருப்பவர் எத்தனை மணிக்கு அலாரம் வைக்கிறார் என்பது எனக்கு அத்துப்படி.

முகப்பிலுள்ள பழுப்புக் கல்லும் பெரும்பாலும் சில அங்குலப் போர்வைதான், உள்ளே இருப்பது செங்கல். கனெக்டிகட் மாநிலத்தின் போர்ட்லாண்ட் ஊரிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் வந்த மணற்கல் அது. செதுக்குவது சுலபம், ஏடு ஏடாக உதிர்வதும் சுலபம். போர்ட்லாண்ட் குவாரிகளை 1936 வெள்ளமும் 1938 புயலும் மூழ்கடித்தன. இன்று பல வீடுகளில் தெரியும் பழுப்பு நிறம், பழுது பார்க்கும்போது பூசிய சாயச் சிமென்ட்.

அந்த முகப்பைக் காக்க வலுவான சட்டம் இருக்கிறது. பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கிய கோபத்தில் பிறந்தது, 1965-ன் பாரம்பரியச் சின்னச் சட்டம். அந்த ஆண்டே புரூக்ளின் ஹைட்ஸ் நகரின் முதல் பாரம்பரியப் பகுதியானது. பெட்-ஸ்டையின் ஸ்டைவசன்ட் ஹைட்ஸ் 1971-ல் சேர்ந்தது. இந்தப் பகுதிகளில் தெருப்பக்க ஜன்னலை மாற்றவும் நகரின் பாரம்பரியச் சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். நல்ல சட்டம்தான். (பெட்-ஸ்டையைப் பொறுத்தவரை முதல் நன்றி, 1930களின் வரைபடங்களில் இந்தப் பகுதியைக் கடனுக்கு ஆபத்தானது என்று சிவப்பில் குறித்து வங்கிகள் கடன் தர மறுத்த காலத்திலும் வீடுகளை விடாமல் காத்த கறுப்பினக் குடும்பங்களுக்குப் போக வேண்டும்.) ஆனால் உள்ளே கூடத்தை எப்படிக் கூறு போட்டார்கள் என்று அந்த ஆணையம் பொதுவாகக் கேட்பதில்லை.

சரி, குடித்தனக்காரரைக் காக்கும் சட்டம்? நியூயார்க்கில் அதுவும் உண்டு, உலகமே பேசும் வாடகைக் கட்டுப்பாடு. ஆனால் அது பொதுவாக 1974-க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடங்களுக்குத்தான். பிரவுன்ஸ்டோன் ஒன்றில் பெரும்பாலும் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து வீடுகள். அங்கேயே கதை முடிந்தது. கட்டுப்பாடு உள்ள கட்டடத்தில் வாடகை எவ்வளவு ஏறலாம் என்று ஒரு வாரியம் ஆண்டுதோறும் முடிவு செய்யும், லீஸைப் புதுப்பிப்பதும் உங்கள் உரிமை. என் மாதிரி வீட்டில் உரிமையாளர் சொன்னதுதான் வாடகை. 2024-ல் வந்த சட்டம் காரணமில்லாமல் வெளியேற்றுவதற்குத் தடை போட்டது, ஆனால் மாநிலத்தில் மொத்தமே பத்து வீடுகளுக்கு மேல் வைத்திராத சிறு உரிமையாளர்களுக்கு அதில் விலக்கு. பிரவுன்ஸ்டோன் உரிமையாளர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. வயதான ஒருவர் தன் ஒரே வீட்டின் மாடியை வாடகைக்கு விடும்போது அந்த விலக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது. விலை மட்டும் பாரம்பரியம், பாதுகாப்பு சைபர் என்பதுதான் உறுத்துகிறது.

நுழைவதற்கே தனிக் கணக்கு. ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். 2,800 டாலர் வாடகைக்கு 1,12,000 டாலர் சம்பளம். இல்லையென்றால் 80 மடங்கு சம்பாதிக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அட்வான்ஸ் மட்டும், சென்னையில் பத்து மாதம் கொடுத்துப் பழகிய நமக்கு ஆச்சரியம்: 2019 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 2025 ஜூனிலிருந்து, உரிமையாளர் அமர்த்திய புரோக்கருக்கு நீங்கள் கமிஷன் தர வேண்டியதில்லை. யாராவது கேட்டால் துணிந்து மறுக்கலாம்.

அப்புறம் குளிர். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரி இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் 62. குறைந்தால் நகர நிர்வாகத்தின் 311 எண்ணுக்குப் புகார் செய்யலாம். ஆனால் எங்கள் கட்டடத்தின் தெர்மோஸ்டாட் வேறொரு தளத்தில் இருக்கிறது, என் கூரையின் உயரம் ஏறக்குறைய பன்னிரண்டு அடி. சூடெல்லாம் அந்தப் பூவேலைப்பாட்டுக்குத்தான். எனக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். சமையல் மேடையை மாற்றியவர்கள் ஜன்னலைத் தொடவில்லை. படத்தில் தெரிவதற்குத்தான் செலவு செய்கிறார்கள்.

அதனால் பார்க்கப் போகிறவர்கள் மேடையை மறந்துவிட்டு, வயரிங், குழாய், பாய்லர், ஜன்னல் இவற்றில் எதை, எந்த ஆண்டு மாற்றினார்கள் என்று கேளுங்கள். நகர வீட்டுவசதித் துறையின் இணையதளத்தில் முகவரி போட்டால் அந்தக் கட்டடத்தின் மீதான புகார்களும் விதிமீறல்களும் தெரியும். கைக்குழந்தை இருந்தால் ஈயப் பெயின்ட் பற்றி எழுத்தில் வாங்குங்கள், இந்நகரம் அதைத் தடை செய்ததே 1960-ல்தான்.

தரைக்குக் கீழே உள்ள ஸ்டூடியோ மலிவாகக் கிடைக்கும். உயரத்தில் பாதிக்கு மேல் நிலத்துக்கு அடியில் இருந்தால் அதைக் குடியிருப்பாக வாடகைக்கு விடுவதே பொதுவாகச் சட்டவிரோதம். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழையில் நகரின் அடித்தள வீடுகளில் 11 பேர் இறந்தார்கள். எவ்வளவு குறைந்த வாடகை என்றாலும் அதற்குப் போகாதீர்கள்.

எனக்கும் லீஸ் முடியப் போகிறது. இந்த முறை புரூக்ளினிலேயே ஃப்ளாட்புஷ் பக்கம் தேடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய ஆறு மாடிச் செங்கல் கட்டடங்கள், நெடுக மங்கலான நடைபாதை, முனகும் லிஃப்ட். யாரும் நின்று படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஆறுக்கு மேல் எத்தனையோ வீடுகள். அங்கே காலி வீடு பற்றித் தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.