இல்லாத பொம்பிளைக்கு ஒரு அர்ச்சனை

(தம்பிலுவில். பின்னேரம். மாமி சுளகில் அரிசி புடைக்கிறார். மருமகன் போனும் கையுமாக வந்து திண்ணையில் குந்துகிறார். எதையாவது வாசித்தால் யாரிடமாவது சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மருமகன்: மாமி, ஒரு விஷயம் சொன்னால் கோபிக்கக் கூடாது.

மாமி: மோட்டார் சைக்கிளைத் திரும்பவும் ஈடு வைத்துவிட்டீர்களா?

மருமகன்: சே, அது இல்லை. சோவியத் அணு உலை வெடித்த கதையைச் சொன்ன ‘செர்னோபில்’ நாடகத்தில் வந்த விஞ்ஞானிப் பொம்பிளை, உலானா கோம்யுக்... அப்படி ஒரு ஆளே இல்லையாம்.

மாமி: ஐயோ, எப்போது செத்தவ?

மருமகன்: சாகவும் இல்லை, பிறக்கவும் இல்லை. அந்த நேரம் வேலை செய்த ஏராளமான விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒரு ஆளாக எழுதியிருக்கிறார்கள்.

மாமி: என்ன கதை இது! வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் அவவின் பேரில் அர்ச்சனை செய்தேனே! ஐயர் நட்சத்திரம் கேட்க, ‘ரஷ்யா’ என்றேன்.

மருமகன்: கடைசியில் எழுத்தாகப் போட்டார்களே மாமி.

மாமி: எழுத்து வந்தால் முடிந்தது என்று எழும்பிப் போகிறதுதானே? வாசித்துச் சொல்ல வேண்டிய நீங்கள் கதிரையில் குறட்டை விட்டீர்கள். மறுகா, அந்த விஞ்ஞானி லெகாசோவ்? அவரும் இல்லையோ?

மருமகன்: அவர் இருந்தவர். ஆனால் உலை அதிகாரிகள் மேல் 1987இல் நடந்த வழக்குக்கு அவர் போகவே இல்லை.

மாமி: அப்போ, நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தது?

மருமகன்: எழுதினவரின் வேலை. ஹெலிகொப்டர் விழுந்தது உண்மை, ஆனால் நாடகத்தில் காட்டின நேரத்தில் இல்லை. உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. ஹெலிகொப்டர் விழுந்தது ஒக்டோபரில்.

மாமி: உலைக்குக் கீழே தண்ணீருக்குள் இறங்கின மூன்று பேரையாவது விட்டுவையுங்கள். அவர்களை நினைத்து அன்றிரவு நான் சோறே தின்னவில்லை.

மருமகன்: மூன்று பேரும் உண்மை. உயிரோடு வெளியே வந்தார்கள். ஒருவர் 2005இல் மாரடைப்பில் போனவர். 2019இல் நாடகம் வரும்போது மற்ற இருவரும் இருந்தார்கள்.

மாமி: (சுளகை வைத்துவிட்டு) பாருங்கள், உயிரோடு இருக்கிறவனுக்குப் பட்டினி கிடந்திருக்கிறேன். இனி எனக்குச் சீரியல் போதும். அதில் ஒருத்தரும் உண்மை என்று சொல்லி ஏமாற்றுவதில்லை.

மருமகன்: இன்னும் ஒன்று மட்டும். 2024 ஜனவரியில் பிரித்தானியாவில் போட்ட உண்மைக் கதை நாடகம், நாலே நாலு பகுதி. உப தபாலதிபர்களின் கதை. கணக்கில் காசு குறைகிறது என்று கணினி காட்டும். அவர்கள் ஒரு சதமும் எடுக்கவில்லை. ‘கணினி பிழை விடாது, நீதான் கள்ளன்’ என்றது நிர்வாகம். 1999 தொடக்கம் 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளி என்று தீர்ப்பு. சிலர் மறியலுக்கும் போனார்கள்.

மாமி: போங்கள் மருமகன், இதுதான் அண்டப்புளுகு! மெசின் விட்ட பிழைக்கு 900 பேரைக் கூண்டில் ஏற்றுமட்டும், அந்த நாட்டில் ஒருத்தருக்குமா சந்தேகம் வரவில்லை?

மருமகன்: இது நடந்தது மாமி! மென்பொருளில் பிழை இருக்கிறது என்று 2019இல் நீதிமன்றமே சொன்னது. அப்போதும் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. நாடகத்தைப் பார்த்துச் சனம் கொதித்த பிறகுதான், 2024 மே மாதம் அந்தத் தீர்ப்புகளை ஒரேயடியாக ரத்துச் செய்யச் சட்டம் வந்தது.

மாமி: (கொஞ்சம் யோசித்து) கோவலன் கதைதானே இது. தட்டான் சொன்னதைக் கேட்டுப் பாண்டியன் விசாரிக்காமல் வெட்டச் சொன்னான். இங்கே தட்டானுக்குப் பதில் கம்பியூட்டர். அப்போ கண்ணகி யார்?

மருமகன்: அலன் பேட்ஸ். வேல்ஸில் தபாற்கந்தோர் நடத்தினவர். 2003இல் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அன்றிலிருந்து விடாமல் போராடினவர்.

மாமி: லண்டனை எரித்தாரா?

மருமகன்: இல்லை. ‘சேர்’ பட்டம் கொடுத்தார்கள்.

மாமி: கண்ணகியின் கோபத்தை ஆற்ற நாங்கள் செய்கிற குளிர்த்திச் சடங்கு மாதிரி, அதுதான் அங்கத்தைக் குளிர்த்தி போல. சரி, போடுங்கள் பார்ப்போம். ஆனால் அந்தக் கடைசி எழுத்தை முதலில் வாசியுங்கள்.

மருமகன்: முடிவு தெரிந்துவிடுமே மாமி?

மாமி: முடிவு தெரியாமலா வைகாசிச் சடங்குக்கு வருஷாவருஷம் கோயில் மணலில் குந்தி, கண்ணகி கதை பாடுகிற வழக்குரை கேட்கிறேன்?