பக்கத்து வீட்டில் தண்ணித் தொட்டி

(கோலாலம்பூர், செந்தூல். ஐந்து மாடிப் பழைய ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. சனிக்கிழமை, பசியாறி முடிந்த நேரம். லெட்சுமி கையில் துண்டு மாட்டும் கம்பி. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பு, ஆப்போடு ஒட்டிக்கொண்டு வந்த நீல டைல்ஸ் சில்லு.)

லெட்சுமி: என்னங்க, இது எப்படிங்க செவத்த விட்டு வந்துச்சு?

மணியம்: நான் எந்திரிச்சேன். கூடவே அதுவும் எந்திரிச்சிருச்சு.

லெட்சுமி: இது துண்டு மாட்டுற கம்பிங்க. தொண்ணூறு கிலோ மாட்டுறதுக்கு இல்ல.

மணியம்: எம்பத்தெட்டு.

லெட்சுமி: தைப்பூசத்துக்குப் பத்துமலையில 272 படியும் ஏறுனீங்களே, அப்ப இந்த முட்டிவலி எங்க போயிருந்துச்சு?

மணியம்: அங்க மேல இருந்து முருகன் இழுத்தாரு. இங்க யாரு இழுக்குறா? நீயும் கூப்பிட்டா வர்றதில்ல.

லெட்சுமி: அந்த நேரத்துல கூப்பிட்டா முருகனே வரமாட்டாரு.

மணியம்: குத்தம் என் முட்டி மேல இல்ல லெட்சுமி, அந்த டாய்லெட் பவுல் மேல. தரையில இருந்து சீட்டு வரைக்கும் 15 இஞ்சுதான். உக்காந்தா முட்டி இடுப்புக்கு மேல வந்துருது. அந்தப் பள்ளத்துல இருந்து மொத்த உடம்பையும் முட்டிதானே தூக்கணும்? இப்ப உயரமா வருது, 17ல இருந்து 19 இஞ்சு வரைக்கும். நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காரலாம், எந்திரிக்கலாம்.

லெட்சுமி: உக்காந்து பாத்த ஆளு மாதிரி பேசுறீங்க?

மணியம்: (குரல் இறங்கி) மிட் வேலி மால்ல... ஓகேயு டாய்லெட்டுல.

லெட்சுமி: அட மனுசா! அது முடியாதவங்களுக்குன்னு கட்டி வச்சது! அதுக்குத்தான் வாரா வாரம் "வா லெட்சுமி, மிட் வேலிக்குப் போவோம்"னு காடிய எடுத்தீங்களா? நான் என்னமோ என் மேல பாசம்னு நெனச்சேன்.

மணியம்: பாசமும்தான் லா.

(மணியம் கைப்பேசியைத் தொடையில் கவிழ்த்து வைக்கிறார். இந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.)

லெட்சுமி: எவ்வளவு?

மணியம்: இன்னும் கட்டல. ஆன்லைன் கடைக் கூடையிலதான் கெடக்கு, அந்த உயரமான பவுலு. 899 வெள்ளி. ஆஃபர் இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான்.

லெட்சுமி: ஆஃபர் கெடக்கட்டும். ஓட்டைய அளந்தீங்களா?

மணியம்: எந்த ஓட்டை?

லெட்சுமி: கழிவு கீழ போற ஓட்டைங்க. பின்னால இருக்கிற செவத்து டைல்ஸுல இருந்து ஓட்டையோட நடு வரைக்கும் அளக்கணும். பவுல் மேல உக்காந்திருக்கு, ஓட்டை தெரியாது. அடியில ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், அதுக்கு நேரா அளங்க.

மணியம்: இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?

லெட்சுமி: என் தம்பி பிளம்பரு. நீங்க அவன்கூடப் பேசுறதில்ல, நான் பேசுறேன்.

(மணியம் டேப்பை எடுத்துக்கொண்டு போகிறார். உள்ளே இருந்து "ஐயோ", "அம்மா", ஒரு கெட்ட வார்த்தை. திரும்பி வருகிறார்.)

மணியம்: எட்டு இஞ்சு.

லெட்சுமி: வாங்கப் போறதுல என்ன போட்டிருக்கு?

மணியம்: பன்னிரண்டு. நாலு இஞ்சு கூட இருந்தா நல்லதுதானே?

லெட்சுமி: பிரியாணி வாங்குறோமா, கூட இருந்தா நல்லதுங்கறதுக்கு? அந்தப் பவுலுக்கு ஓட்டைக்குப் பின்னால பன்னிரண்டு இஞ்சு எடம் வேணும். நம்மகிட்ட எட்டுதான் இருக்கு. மிச்சத்துக்குத் தண்ணித் தொட்டி செவத்துக்குள்ள போகணும். செவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?

மணியம்: சரோஜா அக்கா.

லெட்சுமி: ஆங். நீங்க இங்க உக்காருங்க, அக்கா அங்க இருந்து தண்ணி அமுக்கி விடட்டும். பெரிய பட்டன் ஆறு லிட்டரு, சின்னது மூணு. எதை அமுக்கணும்னு நீங்கதான் சத்தமா சொல்லணும்.

மணியம்: அப்ப ஓட்டைய நகத்துவோம்!

லெட்சுமி: பைப்பு கீழ் வீட்டு சீலிங்குல ஓடுது. தரைய ஒடச்சு, திரும்ப வாட்டர்புரூஃப் போட்டு... அது சரியில்லாம அவங்க சீலிங்குல கறை வந்துச்சுன்னா சட்டம் முதல்ல மேல் வீட்டுக்காரனத்தான் சந்தேகப்படும். கம்ப்ளெய்ன் போனா ஏழு நாளுக்குள்ள மெனேஜ்மெண்ட் கதவத் தட்டும்.

மணியம்: சரி, பழச எடுத்து, நாலு இஞ்சுக்கு மேடை கட்டி, மேல தூக்கி வச்சிருவோம்.

லெட்சுமி: வைக்கலாம். ஆனா மேடை பவுலோட அடி அளவுக்குத்தான் இருக்கணும். உங்க கூட்டாளி கொந்த்ராக்டரு அழகா இருக்கட்டும்னு அகலமாக் கட்டுவாரு. நீங்க காலையும் மேடை மேல வச்சுக்கிட்டு உக்காருவீங்க. பழையபடி அதே பதினஞ்சு இஞ்சுதான்.

மணியம்: (யோசித்து) ஆமால்ல.

லெட்சுமி: எட்டு இஞ்சுக்குப் பொருந்துற உயரமான பவுலும் கடையில இருக்கு. முதல்ல கால நீட்டுங்க, அளக்கணும். அந்த ஜப்பான் சிலிப்பரக் கழட்டுங்க.

மணியம்: பாத்ரூமுல சிலிப்பர் போட்டுக்கிட்டுத்தானே உக்காருவேன்?

லெட்சுமி: ...போட்டுக்குங்க. (தையல் டேப்பால் அளக்கிறார்) தரையில இருந்து முட்டிக்குப் பின்னால மடிப்பு வரைக்கும் பதினெட்டு. உங்களுக்குச் சரியா இருக்கும். எனக்குப் பதினஞ்சு.

மணியம்: அப்ப நீ உக்காந்தா?

லெட்சுமி: காலு அந்தரத்துல தொங்கும். விளிம்பு தொடையில அழுத்தி மரத்துப் போகும். கால ஊனாம எப்படி முக்குறது?

மணியம்: கீழ ஒரு முக்காலி வாங்கிப் போடுறேன்.

லெட்சுமி: உங்க சிம்மாசனத்துல நான் எதுக்கு ஏறணும்? சமையக்கட்டுப் பக்கத்துல குந்துற ஜாம்பான், அந்தக் கக்கூஸு இருக்கே. எஸ்டேட்டுல லயத்துக்குப் பின்னால வாளியோட வரிசையில நின்ன காலு இது. இன்னிக்கும் குந்துவேன், ஒன்னையும் புடிக்காம எந்திரிப்பேன்.

மணியம்: (கம்பியைப் பார்த்து) குத்திக் காட்டாத.

லெட்சுமி: புடிச்சு எந்திரிக்கத் தனிக் கம்பி விக்குது. டைல்ஸோட நிக்காம செங்கல்லுக்குள்ள போல்ட்டு இறங்கணும். அதை மாட்டுவோம். பவுலுக்குத்தான் அவசரம்னா, மருத்துவச் சாமான் கடையில பிளாஸ்டிக் சீட்டு இருக்கு. இருக்கிற பவுல் மேலயே மாட்டுறது, நாலு இஞ்சு ஏத்திக் குடுக்கும். வேணாம்னா கழட்டிரலாம்.

மணியம்: அது ஆபரேஷன் பண்ணவங்க வாங்குறது. தீபாவளிக்கு உன் அக்கா வீட்டுக்காரரு வந்து பாத்தா என் மானம் என்ன ஆகிறது?

லெட்சுமி: ஓகேயு டாய்லெட்டுல போகாத மானம் இதுலயா போகப் போகுது?

மணியம்: எனக்குப் புதுசுதான். அதுவும் ஒன் பீஸு. பவுலும் தொட்டியும் ஒன்னாவே வரும், இடுக்குல அழுக்கு சேராது. பாரு, எட்டு இஞ்சுக்கும் இருக்கு.

லெட்சுமி: தாராளமா வாங்குங்க. எத்தனை கிலோ?

மணியம்: நாப்பத்திரண்டு.

லெட்சுமி: டெலிவரி?

மணியம்: ஃப்ரீ!

லெட்சுமி: எது வரைக்கும் ஃப்ரீ?

மணியம்: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார்) ...கீழ்த்தளம்.

லெட்சுமி: நம்ம ஃபிளாட்டுல லிஃப்டு எந்தப் பக்கம் இருக்கு?

மணியம்: இங்க ஏதுடி லிஃப்டு?

லெட்சுமி: அதான் கேட்டேன்.

மணியம்: ...அந்தப் பிளாஸ்டிக் சீட்டுக் கடை சனிக்கிழமை எத்தன மணி வரைக்கும்?